எழுபத்தாறில் ஒன்று

குழித்துறை ஸ்டேஷனுக்குப் பின்புறம்
பல் கட்டும் லேப் எனக்கு.
டாக்டர்கள் அனுப்பும் சுண்ண அச்சுகளில்தான்
இந்தத் தாலுகாவின் சிரிப்பெல்லாம் தெரியும்.
முகங்கள் தெரியாது.

சுவரலமாரியில் பதினாலு எஞ்சின்கள்.
எல்லாம் நிலக்கரி தின்றவற்றின் முதல் தலைமுறை,
உடம்பைவிடப் புகைக்குழல் நீளம்,
எழுபத்தாறில் ஒரு பங்கு.
இவற்றில் ஒன்றும் எங்கள் பக்கம் வந்ததில்லை.
ரயிலே இங்கே தாமதம்;
நான் கண்ட முதல் எஞ்சினே டீசல்.
காணாததைச் சேர்ப்பவனுக்கு
ஞாபகத்தின் தொந்தரவு கிடையாது.

போன ஆனியில் பதினைந்தாவது வந்தது.
கொல்கத்தாக்காரர் பாதி விலைக்கு விட்டார்,
தண்ணீர்ப் பீப்பாய் தொலைந்துபோனதால்.
கூரியர் பையன் பெட்டியைக் காதில் வைத்து,
"ராக்கெட்டுண்ணு எழுதியிருக்கே அண்ணா,
வெடிக்குமா?" என்றான்.
என் மனைவி றோஸ்பாய் விலை கேட்டாள்.
அதையும் எழுபத்தாறால் வகுத்தே சொன்னேன்.

பீப்பாயை நானே வார்த்தேன்.
அளந்தால் சரியாக ஒரு கடைவாய்ப் பல்.
ஈறுக்கு ஊற்றும் அதே அக்ரிலிக், அதே ரோஸ்.
மேலே பழுப்பு அடிக்கலாமென்று வைத்தேன்,
அடிக்கவில்லை.
அன்றைக்கு முடிக்கவேண்டிய செட் தள்ளிப்போய்
வெட்டுவெந்நியில் யாரோ ஒருவர்
இன்னொரு நாள் கஞ்சி குடித்தார்.

எல்லாவற்றையும் சுருக்கிவிட முடிவதில்லை.
ஓட்டு இடுக்கில் ஒழுகும் ஒரு சொட்டு
இங்கே பூசணிக்காய்.
ஈ உட்கார்ந்தால் கோழி.
தூசி மட்டும் எந்த அளவுக்கும் சம்மதிக்கிறது.
நாகர்கோவில் வண்டி கடக்கும்போதெல்லாம்
அலமாரி நடுங்கும்,
எல்லாம் மயிரிழை மயிரிழையாக முன்னால் நகர்ந்து
மாசக் கடைசியில்
கண்ணாடியில் முகம் முட்டி நிற்கும்.
பின்னால் தள்ளி வைப்பேன்.
எனக்கு வாய்த்த ஷண்டிங் அது.

டெல்பின் வந்தார்,
டாக்டர் அனுப்பி, நிறம் ஒத்துப் பார்க்க.
இரணியலுக்கும் பள்ளியாடிக்கும் நடுவே
தண்டவாளத்தோடு நடக்கிற உத்தியோகம்.
ஸ்பேனர் வழுக்கி முன்பல் போயிருந்தது.
ஜன்னலோரம் நிறுத்தி
நிறச்சில்லுகளை உதட்டருகே பிடித்தேன்.
அவர் கண் என்னைத் தாண்டிப் போனது.
"இதுக்கெல்லாம் பிரேக் எங்க இருக்கு?"

பதினேழு வருஷம்.
ஆரக்கால்களை எண்ணியிருக்கிறேன்,
பிஸ்டன் சாய்ந்திருக்கும் கோணம் தெரியும்.
பிரேக்கைத் தேடியதில்லை.
லென்ஸ் வைத்து இரண்டுபேரும் தேடினோம்.
ராக்கெட்டில் இல்லை.
அடுத்ததில் இல்லை.
"பின்ன எப்படி நிறுத்துவினும்?"
"எதிர்ப்பக்கமா ஓட்டப் பாப்பாங்க.
ஒருவழியா நிக்கும்."
இல்லாத பல்லைக் கையால் மூடிச் சிரித்தார்.
சிரித்து முடித்து,
"லைன்ல நிக்கியவனுக்கு
அதுக்குள்ள வழி உண்டா?" என்றார்.

நோட்டில் குறித்தேன்:
ஏ மூன்று, விளிம்பில் கொஞ்சம் தேயிலை.

பல் மாட்டிய மறுநாள் திரும்ப வந்தார்,
கையில் ஒரு ஜல்லிக்கல்.
"உருண்டு வெளிய கெடந்தது, கணக்குல வராது."
அலமாரியைத் திறக்கச் சொல்லி
ராக்கெட்டின் பெரிய சக்கரத்துக்கு முன்னால்
அதை வைத்து, விரலால் அழுத்திப் பார்த்தார்.
"முட்டு வைக்காம வண்டியை விடப்படாது."
அந்த ஊரில் அது
வீட்டு உயரப் பாறை.

ராத்திரி வண்டி போனது.
பதினாலும் நகர்ந்தன.
ராக்கெட் கல்லோடு சேர்ந்து நின்றது,
பின்னால் ஈறு நிறப் பீப்பாய் மட்டும்
லேசாக ஆடிக்கொண்டு.

பிடிப்பு போதவில்லை.
காலையில் கழற்றிப் பார்க்கணும்.